நாஞ்சில் மணலும் நெருப்பில்லா விளக்கும்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் தேவியைத் தரிசித்த பிறகு, கடற்கரையில் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் வர்ண மணலை வாங்காமல் திரும்புவதில்லை. அம்மன் கல்யாணம் நின்றுபோன அந்த இரவில், விருந்துக்கென்று குவித்து வைத்திருந்த அரிசியும் மற்றப் பண்டங்களும் மணலாக மாறிவிட்டன என்பது ஐதிகம். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று அந்த மணலைக் காட்டி, "இது குங்குமம், இது அரிசி" என்று பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லுவார்கள். நாமும் சிறு வயதில் அதைக் கேட்டு நம்பியவர்கள்தாம். ஆனால் அந்தக் கதையைக் காட்டிலும் ஆச்சரியமான இன்னொரு கதை அதே மணலுக்கு உண்டு. ஒரு காலத்தில் லண்டன், பெர்லின் முதலிய மகா நகரங்களின் வீதிகளுக்கு வெளிச்சம் போட்டது இந்தக் கரையின் மணல்! அந்த இடத்தை நேரில் பார்த்துவிட்டு வருவது என்று, நண்பர் ஒருவருடன் நாகர்கோவிலில் பஸ் ஏறினோம்.

நாகர்கோவிலைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டியவரை வயல்கள். வயல்களுக்கு அப்பால் வேளிமலை நீலத் திரைபோல் நிற்கிறது. சாஸ்திரப்படி நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்களையே குறிக்கும். நாம் போகவேண்டிய மணவாளக்குறிச்சி அதற்கு மேற்கே, கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தது. 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி இந்தத் தாலுகாக்களெல்லாம், விளவங்கோட்டையும் சேர்த்துக்கொண்டு, திருவிதாங்கூரின் உறவை விட்டுத் தாய்த் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி ஜில்லா ஆயின. வெள்ளிச்சந்தை என்ற ஊர்ப் பெயரைக் கேட்டதும் நண்பர், "வெளிச்சந்தை என்று வைத்திருந்தால் நம் பிரயாணத்துக்கு இன்னும் பொருத்தமாயிருக்கும்" என்றார். வயல் குறைந்து தென்னை பெருகிற்று. காற்றில் உப்பு வாசனை வந்தது. மணவாளக்குறிச்சியில் இறங்கினோம்.

கடற்கரைக்குப் போனால், அலை பின்வாங்கிய இடங்களில் மை கொட்டினாற்போல் கறுப்பு மணல் படிந்து கிடக்கிறது. நடுநடுவே செம்மணல் கோலமிட்டிருக்கிறது. நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மணலில் புரட்டினார். கறுப்பு மணல் மீசைபோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. அது இல்மனைட். சிவப்பாயிருப்பது கார்னெட். இவற்றோடு ரூட்டைல், சிர்க்கான், சில்லிமனைட் என்பவையும் கலந்திருக்கின்றன. கூட்டத்தில் கொஞ்சமாக, தேன் நிறத்தில் மினுங்கும் மணிகள்தாம் மோனசைட். மேற்குமலைப் பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து ஆறுகளின் வழியே கடலுக்கு வர, அலைகள் லேசான மணலை அடித்துக்கொண்டு போய்க் கனமான மணலைக் கரையில் ஒதுக்கிவிடுகின்றன. நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைக்கிறார்களே, கடலம்மையும் அதே வேலையைத்தான் செய்கிறாள். பிறகு ஆலையில் எடையாலும், காந்தத்தாலும், மின்சாரத்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார்கள்.

மோனசைட்டுக்கு வந்த மவுசு, ஒரு விளக்கினால் வந்தது. ஆஸ்திரியா தேசத்தில் கார்ல் அவுவர் என்ற ரசாயன விஞ்ஞானி, பருத்தி நூலால் பின்னிய சிறு பையைச் சில உப்புக் கரைசல்களில் தோய்த்து நெருப்புச் சுவாலையின்மேல் மாட்டினால், நூல் எரிந்துபோய்ச் சாம்பல் வலை மாத்திரம் நின்று பிரகாசிப்பதைக் கண்டார். அது 1885-ம் வருஷத்தில். ஆறு வருஷம் மேலும் பாடுபட்டு, 1891-ல் சரியான பக்குவத்தைப் பிடித்தார்: தோரியம் ஆக்ஸைடு தொண்ணூற்றொன்பது பங்கு, சீரியம் ஆக்ஸைடு ஒரு பங்கு. தோரியம் ஆக்ஸைடு 3,300 டிகிரி உஷ்ணத்துக்கு மேலேதான் உருகும். ஆகையால் சுவாலையில் அசையாமல் நிற்கும். அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டாலோ வெளிச்சம் மங்கிவிடும். பாயசத்துக்கு ஏலக்காய் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

தோரியத்திற்கு மோனசைட் வேண்டும். அது அப்போது பெரும்பாலும் பிரேஸில் தேசத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி சோதித்துப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தார் என்று சொல்லுகிறார்கள். அடுத்த ஓரிரு வருஷங்களுக்குள் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்துவிட்டது. முதல் உலக மகாயுத்தத்தில் அது ஜெர்மானியர் கையை விட்டு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. நம் மணல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிற்று. மாண்டில் என்ற பெயரில் சின்னஞ் சிறு வலைப்பையாகத் திரும்பி வந்து நம்மிடமே விலைக்கு விற்கப்பட்டது. பஞ்சு போய்த் துணி வந்த அதே கதைதான்.

கரையோரத் தேநீர்க்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. "மண்டைக்காட்டுக் கொடைக்கு அந்தக் காலத்தில் என்ன விளக்கு, பெரியவரே?" என்று பேச்சுக் கொடுத்தோம்.

"பெட்ரோமாக்ஸ்தான் ஐயா. நானே தலையில சொமந்திருக்கேன். மாண்டில் கட்டி, காத்தடிச்சு, ஒரு இரைச்சலோட பத்தும் பாருங்க, பட்டப்பகல்தான்! ஆனா அதுக்கு உள்ளதெல்லாம் நம்ம மண்ணுண்ணு எங்களுக்கு அப்பம் தெரியாது" என்றார். சற்று நேரம் கழித்து, "வெளிச்சம் ஊருக்கெல்லாம் போச்சு. எங்க குடிசையில மண்ணெண்ணெய்ச் சிமினிதான் இருந்தது" என்று சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

அந்தச் சிரிப்பு நம் மனசில் தைத்தது. ஏனென்றால் இதே வேடிக்கை அந்த விளக்கின் மறுமுனையிலும் நடந்திருக்கிறது. ஐரோப்பிய வீதி விளக்குகளில் எரிந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு. அந்த நிலக்கரியைப் பூமிக்கடியில் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு எந்த விளக்கு? சுரங்கத்தில் மீதேன் என்னும் வாயு கசியும். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை அது கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், சுரங்கமே வெடித்துவிடும். இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற சுரங்கத்தில் 1812-ல் இப்படி 92 பேர் மாண்டார்கள். விளக்கு இல்லாமல் வேலை இல்லை. விளக்கு இருந்தாலோ உயிர் இல்லை!

ஸர் ஹம்ப்ரி டேவி 1815-ல் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். சுவாலையைச் சுற்றி நெருக்கமான கம்பிவலையைக் கூண்டாக அமைத்தார். வாயு வலைக்குள் புகுந்து எரிந்தாலும், கம்பி அதன் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டுவிடுவதால் நெருப்பு வெளியே தாண்டாது. மகத்தான உபகாரம்தான். ஆனால் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். விளக்கு வந்துவிட்டதே என்ற தைரியத்தில், முன்பு அபாயம் என்று மூடிவைத்திருந்த ஆழமான பாகங்களிலெல்லாம் முதலாளிகள் ஆட்களை இறக்கினார்கள். விபத்துக்கள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. விளக்குக்கு வந்த பாதுகாப்பு மனிதனுக்கு வந்து சேரவில்லை.

நம் ஊர்களிலும் இதைப் போன்ற அநுபவம் உண்டு. நாட்பட்ட பாழ்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் மனிதன் இறங்கக் கூடாது. அது நல்ல யுக்திதான். ஆனால் சாக்கடைக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் அதைச் செய்யலாகாது. அங்கே மீதேன் இருந்தால் விளக்கு அணைவதற்குப் பதிலாக வெடி கிளம்பிவிடும்.

மின்சார விளக்கு வந்த பிறகு இந்தச் சங்கடம் தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். தீரவில்லை. ஸ்விச்சைத் தட்டும்போது ஒரு பொறி. கம்பி தளர்ந்தால் ஒரு பொறி. விளக்கு உடைந்தால் ஒரு பொறி. பெட்ரோல் கிடங்கு, சாராய வடிசாலை, மாவு மில், பட்டாசுக்கு மருந்து கலக்கும் அறை, இவற்றிலெல்லாம் அந்த ஒரு பொறி யமனாகிவிடும். மாவும் சர்க்கரையும்கூடத் தூசியாகக் காற்றில் பறக்கும்போது வெடிமருந்துக்குச் சமானம். அரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்களே, அங்கே உபயோகமாகும் ஹைட்ரஜனோ காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு முதல் எழுபத்தைந்து பங்கு வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கக் கூடியது.

ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் விளக்குகளைக் கனமான உலோகக் கூண்டுக்குள் அடைக்கிறார்கள். உள்ளே வெடித்தாலும் சுவாலை குறுகிய இடுக்குகளின் வழியே வரும்போது குளிர்ந்துவிடும். டேவியின் தத்துவமேதான், உடை மாத்திரம் வேறு. ஆனால் இதைவிடச் சுலபமான ஒரு கேள்வியைச் சிலர் கேட்டார்கள்: வேண்டியது வெளிச்சந்தானே? விளக்கை ஏன் உள்ளே கொண்டுபோக வேண்டும்? விளக்கு வெளியே இருக்கட்டும். வெளிச்சம் மட்டும் உள்ளே போகட்டும்!

இந்த எண்ணத்தை நிறைவேற்றி வைத்ததுதான் தலைமுடிபோல் மெல்லிய கண்ணாடி இழை. அதன் வரலாற்றில் ஒரு பாரத புத்திரனுக்குச் சிறந்த இடம் உண்டு. பஞ்சாப் மாகாணத்து மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, டேராடூனில் படித்தபோது, "ஒளி நேர்கோட்டில்தான் செல்லும்" என்று ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள மனமின்றி, அதை வளைத்துக் காட்டுகிறேன் என்று மனத்துக்குள் சபதம் செய்துகொண்டாராம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியாக உருவங்களை அனுப்பிக் காட்டி, அதை 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார். அவர் 2020-ல் காலமானார். மறு வருஷம் நம் அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

ஒளி எப்படி வளைகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நிறமற்ற புட்டி ஒன்றின் பக்கத்தில் அடிப்பாகத்தில் சிறு துவாரம் செய்து, தண்ணீர் நிரப்பி, அறையை இருட்டாக்கிவிட்டு, துவாரத்துக்கு எதிர்ப்புறத்திலிருந்து டார்ச் விளக்கைப் பாய்ச்சுங்கள். துவாரத்தின் வழியே வளைந்து விழும் தண்ணீர்த் தாரையோடு வெளிச்சமும் வளைந்து சென்று, தண்ணீர் விழும் இடத்தில் பளிச்சென்று தெரியும். ஜினீவாவில் கொலாடான் என்பவரும், பிறகு லண்டனில் டிண்டால் என்பவரும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இதைச் செய்து காட்டினார்கள். தண்ணீருக்குள் செல்லும் ஒளி அதன் ஓரத்தில் மிகவும் சாய்வாக மோதும்போது வெளியே தப்பிப் போகாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இப்படி மோதி மோதித் தாரையோடு போகிறது. கண்ணாடி இழையிலும் அதேதான். நடுவில் ஒரு கண்ணாடி, அதன்மேல் உறைபோல் வேறு வகைக் கண்ணாடி. ஒளி நடுவிலேயே சிறைப்பட்டு மறுமுனை வரை ஓடுகிறது.

அபாயமான அறைக்கு வெளியே, பத்திரமான இடத்தில் ஒரு பெட்டி. அதில் பிரகாசமான விளக்கு. அதன் முன் உஷ்ணத்தைத் தடுக்கும் கண்ணாடி வடிகட்டி. அங்கிருந்து இழைக் கற்றை சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. உள்ளே கம்பி இல்லை, மின்சாரம் இல்லை, சூடும் பெரிதாக இல்லை. கற்றை அறுந்தாலும் பொறி கிளம்பாது. வெளிச்சம் மட்டும் நின்றுபோகும். விளக்கு பழுதானால் மாற்றுகிறவன் உள்ளே கால் வைக்கவேண்டியதில்லை. கொதிகலத்தின் உட்புறத்தையும் இயந்திரத்தின் குடலையும் எட்டிப் பார்ப்பதற்கு இது கைகண்ட சாதனமாயிருக்கிறது.

குறைகளும் இல்லாமலில்லை. பிளாஸ்டிக் இழையானால் சுமார் இருபது மீட்டர் போவதற்குள் பாதி வெளிச்சம் வழியிலேயே செலவாகிவிடும். ஆகையால் பெரிய கிடங்கு முழுவதற்கும் இது போதாது. இன்னொன்று: ஒளியிலும் அபாயம் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. லேஸர் போன்ற உக்கிரமான ஒளி ஒரு தூசியின்மேல் குவிந்தால், அது பழுத்துச் சூடேறி வாயுவைப் பற்றவைத்துவிடலாம். அதற்கென்று ஒளியின் பலத்தை அளவுபடுத்தும் சர்வதேச விதிகளே ஏற்பட்டிருக்கின்றன.

இதையெல்லாம் மணவாளக்குறிச்சிக் கரையில் ஏன் சொல்லுகிறோம் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அணுசக்தி நிலையங்களில் கதிர்வீச்சு நிறைந்த அறைகளுக்குள் மனிதன் நுழைய முடியாது; கனத்த கண்ணாடிச் சன்னல் வழியேதான் பார்க்கவேண்டும். ஆனால் சாதாரணக் கண்ணாடி கதிர் பட்டுப் பட்டு நாளடைவில் பழுப்பேறிக் குருடாகிவிடும். அதில் கொஞ்சம் சீரியம் சேர்த்தால் பழுப்பேறுவது தடைப்படுகிறது. அந்தக் காலத்தில் மாண்டிலுக்கு ஒரு பங்கு சேர்ந்ததே, அதே சீரியம்! அது பிறப்பதும் இதே மோனசைட்டில்தான். சுவாலை விளக்குக்கு ஒளி கொடுத்த மணலே, நெருப்பு நுழையக் கூடாத இடத்தில் பார்வையையும் காத்துக்கொடுக்கிறது.

இந்த மணலுக்கு ராஜாங்க சரித்திரமும் உண்டு. தோரியத்தை அணுசக்திக்கு உபயோகிக்கலாம் என்று தெரிந்ததும் வல்லரசுகளின் பார்வை இந்தக் கரைமேல் விழுந்தது. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர்த் திவான் ஸர் சி. பி. ராமசாமி ஐயர் சமஸ்தானம் சுதந்திர நாடாகும் என்று அறிவித்த தைரியத்துக்கு இந்த மணலும் ஒரு காரணம் என்பார்கள். அந்தத் திட்டம் பலிக்கவில்லை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. 1950 ஆகஸ்டில் இந்திய அருமணல் நிறுவனம் ஏற்பட்டது. 1952 டிசம்பரில் ஆலுவாயில் மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் தொழிற்சாலையை நேருஜி திறந்துவைத்தார். மணவாளக்குறிச்சி ஆலை 1965-ல் அந்த நிறுவனத்தின் வசமாயிற்று. மணல் மூட்டையாகப் போய் மாண்டிலாகத் திரும்பிய காலம் ஒழிந்தது.

ஆனால் பெரியவரின் சிரிப்புக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. மோனசைட் இயற்கையாகவே கதிர்வீசும் பொருள். தோரியம் பாதியாகக் குறைய 1,405 கோடி வருஷம் ஆகும். இந்தக் கரைவாசிகள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் பாய் விரித்துப் படுத்தவர்கள். இதே போன்ற மணல் உள்ள கொல்லம் ஜில்லாக் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரை நெடுநாள் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இயற்கைக் கதிர்வீச்சினால் அங்கே புற்றுநோய் அதிகப்பட்டதாகக் காட்டவில்லை. அப்படியிருந்தும் ஜனங்களின் அச்சம் அடங்கவில்லை. மண்ணைத் தோண்டினால் கடல் உள்ளே வருமோ, மீன்பிடி கெடுமோ என்ற கவலைகள் வேறு. கிள்ளியூர்ப் பக்கத்துக் கரையோரக் கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் யோசனை வந்தபோது, 2024 அக்டோபர் 1-ந் தேதிக்கு வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. தேசத்துக்கு மணல் வேண்டும் என்பது நியாயம். தங்கள் சந்தேகத்துக்கு நேரான விடை வேண்டும் என்று குடிகள் கேட்பதும் நியாயம். முதல் நியாயத்தைச் சொல்லி இரண்டாவதை மூடிவிடுவது டேவி விளக்கைக் காட்டி ஆளை ஆழத்தில் இறக்கிய கதையாகத்தான் முடியும்.

அந்தி வேளையில் முட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். பாறைகளின்மேல் அலை மோதிக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கம் சுழல ஆரம்பித்தது. கடலில் இருக்கும் கட்டுமரக்காரனுக்கும் கப்பல்காரனுக்கும் வித்தியாசம் பாராமல் அது வழிகாட்டுகிறது. நண்பர் கையிலிருந்த காந்தத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிக் கடற்கரையிலேயே போட்டார். "அவர்களுடைய மணல் அல்லவா!" என்றார்.

விளக்கை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்ப மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். அபாயத்தை ஓரிடத்தில் வைத்து வெளிச்சத்தை வேறிடத்துக்கு அனுப்புவது அவனுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பழைய வித்தையை மறந்து, புதிய வித்தையை வளர்ப்போமானால், மணவாளக்குறிச்சிப் பெரியவரின் பேரக் குழந்தைகளும் அதன் பிரகாசத்தில் பங்கு பெறுவார்கள்.